வானத்தோடு போட்டி போடும் கூரை

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் கம்போசிட் வால் கணக்கு போடாத ஆள் நம்ம டிபார்ட்மென்டில் கிடையாது. செங்கல், பிளாஸ்டர், இன்சுலேஷன் என்று மூணு லேயர். வெளியே ஒரு டெம்பரேச்சர், உள்ளே ஒரு டெம்பரேச்சர். "க்யூ கண்டுபிடி" என்று கேட்பார்கள். விடை வந்ததும் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அந்தச் சுவருக்கு உள்ளே யார் இருக்கிறார் என்று கேள்வித்தாளில் இருக்காது.

இந்தக் கட்டுரையில் அந்த ரூமுக்குள் ஒரு ஆளைப் படுக்க வைக்கப் போகிறோம். சொந்த வீடும் இல்லை, வாடகை வீடும் இல்லை. இடம் எங்க ஊர் வெள்ளகோவில். மாசம் மே. நேரம் ராத்திரி 9 மணி. கடும் வெயிலிலும் குளிரிலும் இவர் தங்க ஒரு காப்பகம் டிசைன் பண்ணச் சொன்னால், முதலில் எதைக் கணக்கு போடணும்? இதுதான் கேள்வி. செகண்ட் இயர் சிலபஸ் போதும்.

யார் இந்த ஆள்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "வீடற்றவர்" என்பதற்கு ஒரு வரையறை இருக்கு. கட்டடம் எதிலும் வசிக்காமல் ரோட்டோரம், நடைபாதை, ஹியூம் பைப், மேம்பாலத்துக்கு அடி, மாடிப்படிக்கு அடி, கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் இந்த மாதிரி இடங்களில் இருப்பவர்கள். 2011 கணக்கெடுப்பில் இவர்களை மட்டும் தனியாக ஒரே ராத்திரியில், பிப்ரவரி 28 அன்று, எண்ணினார்கள். நாடு முழுக்க சுமார் 17.7 லட்சம் பேர். தமிழ்நாட்டில் சுமார் 51 ஆயிரம். ஒரே ராத்திரி என்பதால் அன்றைக்குக் கண்ணில் படாதவர் கணக்கிலும் வரமாட்டார்.

வெள்ளகோவில் கரூர் – கோவை ரோட்டில், காங்கேயத்துக்குக் கிழக்கே இருக்கிற சின்ன நகராட்சி. நூல் மில், விசைத்தறி, எண்ணெய் மில், கொப்பரை, முருங்கைக்காய். ஏதாவது ஒரு வேலை கிடைக்கும் என்று நம்பி வருகிற ஊர். பஸ் ஸ்டாண்ட், மூடின கடை வாசல், லாரி நிற்கிற இடம் என்று ராத்திரி பார்த்தால் நாலு விதமான ஆட்கள் இருப்பார்கள். வேலை தேடி வந்து இன்னும் ரூம் கிடைக்காதவர். வேலை போய், மில் குவார்ட்டர்ஸையும் சேர்த்து விட்டவர். வீட்டில் இடமில்லாமல் வெளியே வந்துவிட்ட வயசானவர். மனசு சரியில்லாமல் எந்த பஸ்ஸிலோ ஏறி இங்கே இறங்கினவர். நாலு பேருக்கும் தேவை வேற வேற. ஆனால் தெர்மோடைனமிக்ஸ் நாலு பேருக்கும் ஒண்ணுதான்.

உடம்பு என்கிற நூறு வாட் பல்பு

சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷ உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை உற்பத்தி பண்ணுகிறது. தூங்கும்போது கொஞ்சம் குறையும். இந்த 100 வாட்டும் வெளியே போயே ஆகணும், இல்லாவிட்டால் உடம்பு சூடாகிக்கொண்டே போகும். போகிற வழி நமக்குத் தெரிந்த நாலுதான்: தரை வழியாக கண்டக்ஷன், காற்று வழியாக கன்வெக்ஷன், சுற்றி இருக்கிற பரப்புகளோடு ரேடியேஷன், கடைசியாக வியர்வை.

தோலின் டெம்பரேச்சர் சுமார் 35 டிகிரி செல்சியஸ். காற்று 35-ஐத் தாண்டிவிட்டால் கன்வெக்ஷன் திசை மாறிவிடும். காற்று நம்மைச் சூடாக்கும். ஃபேன் போட்டால் வியர்வை சீக்கிரம் ஆவியாகும் என்பதால் கொஞ்ச தூரம் வரைக்கும் சமாளிக்கலாம். ரூம் 40 டிகிரிக்கு மேல் போய்விட்டால் ஃபேனை நம்பாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதுக்கு மேல் வியர்வை ஒண்ணுதான் வழி.

ஒரு கிலோ வியர்வை ஆவியாக சுமார் 2.4 மெகா ஜூல் வேணும். 100 வாட்டை வியர்வையால் மட்டும் வெளியேற்ற மணிக்கு 150 மில்லி ஆவியாகணும். இந்த 150 மில்லியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

மூணு கூரை, மூணு கணக்கு

இப்போ ரேடியேஷனுக்கு வருவோம். இதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. மல்லாந்து படுத்திருக்கிற ஆளுக்கு மேல்பக்கம் சுமார் 0.7 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எமிசிவிட்டி ஒண்ணு, தோல் 35 டிகிரி. சிக்மா இன்டு டி பவர் ஃபோர் போட்டால் வருகிற ரஃப் கணக்கு இது.

முதல் கூரை: தகர ஷீட், மத்தியானம். உள்பக்கம் 60 டிகிரி என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 187 வாட் கீழே வரும். 0.7-ஆல் பெருக்கினால் 131 வாட். உடம்பின் சொந்த 100 வாட்டோடு சேர்த்து 231 வாட்.

இரண்டாவது கூரை: ஆர்.சி.சி., ராத்திரி 9 மணி. சீலிங் 40 டிகிரி என்றால் 34 இன்டு 0.7, சுமார் 24 வாட் உடம்புக்குள் வருகிறது.

மூன்றாவது கூரை: கூரையே இல்லை, திறந்த வானம். நம்ம பக்கம் மாதிரி வறண்ட ஊரில் மேகமில்லாத ராத்திரியில் வானத்தின் ரேடியேஷன் டெம்பரேச்சர் காற்றைவிடப் பத்து டிகிரிக்கு மேல் குறைவாக இருக்கும். 15 டிகிரி என்று எடுத்தால், உடம்பிலிருந்து சுமார் 84 வாட் மேலே போகிறது.

84 வெளியே போவதற்கும் 24 உள்ளே வருவதற்கும் வித்தியாசம் 108 வாட். அதாவது மே மாச ராத்திரி ஒருத்தரை வெட்டவெளியிலிருந்து எழுப்பி ஆர்.சி.சி. ரூமுக்குள் படுக்க வைப்பது, அவர் பக்கத்தில் இன்னொரு மனுஷ உடம்பின் வெப்பத்தை ஏற்றி வைப்பதுக்குச் சமம்.

ஆர்.சி.சி. ஏன் ராத்திரி 9 மணிக்கும் சூடாக இருக்கு? டைம் லேக். ஆறு இஞ்ச் ஸ்லாபுக்குக் கணக்கு போட்டால் சுமார் நாலு மணி நேரம் வரும். மேல்தளம் மத்தியானம் ஒண்ணு, ரெண்டு மணிக்கு உச்சத்துக்குப் போனால் சீலிங் சாயங்காலம் அஞ்சு, ஆறு மணிக்குத்தான் உச்சத்துக்கு வரும். அதுக்கப்புறம் மெதுவாக, நடுராத்திரி வரைக்கும் இறங்கும். தகர ஷீட்டுக்கு இந்த லேக் கிடையாது. வெயில் போனதும் குளிர்ந்துவிடும்.

இதை ஃபார்முலா இல்லாமலே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை வாசலில் துண்டு விரித்துப் படுத்திருந்த ஒரு பெரியவரிடம், "ஏனுங்க தாத்தா, உள்ள கட்டடத்துக்குள்ள படுக்கலாமுங்களே?" என்று கேட்டேன். "உள்ள பொட்டிக்குள்ள போட்டு மூடுன மாதிரி இருக்குது கண்ணு. பன்னெண்டு மணிக்கு மேல வேணா போலாம், அதுக்குள்ள பூட்டிப்போடுவாங்க" என்றார். ஸ்லாபின் டைம் லேக்கை அவர் முதுகால் அளந்து வைத்திருக்கிறார்.

"காப்பகம் இருந்தும் இவங்க ஏன் ரோட்டில் படுக்கிறாங்க?" என்று கேட்பவர்களுக்கு இதில் பாதி பதில் இருக்கு. வெயில் காலத்தில் காப்பகத்தின் போட்டியாளர் வானம். அந்த வானத்தைத் தோற்கடிக்காத கூரைக்குக் கீழே யாரும் வரமாட்டார்கள்.

பகலில் தூங்குகிறவர்

வானம் ஜெயிப்பது ராத்திரியில் மட்டும்தான். நம்ம பக்கம் நூல் மில்கள் மூணு ஷிஃப்ட். நைட் ஷிஃப்ட் முடித்தவர் காலை எட்டு மணிக்கு மேல் தூங்கணும். அவருக்கு ரூம் இல்லையென்றால், கிடைத்த தகர ஷெட்டுக்குக் கீழே மத்தியானம் முழுக்கப் படுப்பார். மேலே போட்ட 231 வாட்டை எடுங்கள். மணிக்கு சுமார் 350 மில்லி வியர்வை. எட்டு மணி நேரத்துக்கு 2.8 லிட்டர். சூடான காற்றிலிருந்து வருவதை இதில் சேர்க்கவே இல்லை. தூங்குகிற ஆள் தண்ணீர் குடிக்கமாட்டார் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

அதனால் "இரவு நேரக் காப்பகம்" என்ற பெயரே நம்ம ஊருக்குப் பொருந்தாது. மில் ஊரில் காப்பகம் பகலிலும் திறந்திருக்கணும். பகலில் ஆர்.சி.சி. ரூம், ஓட்டுக் கட்டடம் அல்லது மர நிழல். ராத்திரி திறந்த தாழ்வாரம் அல்லது மொட்டை மாடி. ஒரே கட்டடம், ரெண்டு மோட்.

குளிருக்கு அதே சமன்பாடு, குறி மட்டும் மாறும்

"நம்ம ஊரில் என்ன குளிர்?" என்று கேட்கலாம். வானிலை மையத்தின் கணக்கில் சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்கு வந்தால்தான் குளிர் அலை என்ற பேச்சே. நம்ம பக்கம் அவ்வளவு இறங்காது. ஆனால் மார்கழி விடியற்காலையில் நனைந்த துணியோடு சிமென்ட் தரையில் படுத்திருக்கிற வயசானவருக்கு அந்த வரையறை உதவாது. தண்ணீரின் தெர்மல் கண்டக்டிவிட்டி காற்றைவிட சுமார் 23 மடங்கு. நனைந்த போர்வை என்பது போர்வையே இல்லை. மே மாசம் உடம்பைக் குளிர வைத்துக் காப்பாற்றிய அதே சிமென்ட் தரை, மார்கழியில் வெப்பத்தை உறிஞ்சும். நடுவில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டாலே பெரிய வித்தியாசம், ஏன்னா அட்டைக்குள் அடைபட்ட காற்று இருக்கு. பனியன் ஊரில் அட்டைப்பெட்டிக்கும் காட்டன் வேஸ்ட்டுக்கும் பஞ்சமா?

குளிர்தான் இந்தியாவில் இந்த விஷயத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனது. 2009 டிசம்பரில் டெல்லி பூசா ரோடு பக்கம் இருந்த ஒரு தற்காலிகக் காப்பகத்தை அகற்றினார்கள். கடும் குளிரில் வீடற்றவர்கள் இறந்த செய்திகள் வந்தன. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர்கள் 2010 ஜனவரியில் இதை நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த வருஷமே உச்ச நீதிமன்றம் டெல்லியைத் தாண்டி மற்ற பெரிய நகரங்களுக்கும் சேர்த்துச் சொன்னது: ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க.

டெல்லியில் நிறையக் காப்பகங்கள் போர்ட்டா கேபின்கள். சீக்கிரம் நிறுத்திவிடலாம், குளிர்காற்றைத் தடுக்கும். அதே தகரப் பெட்டி ஜூன் மாசத்தில் என்ன ஆகும் என்று மேலே போட்ட முதல் கணக்கே சொல்லும். 2024 ஜூன் 11 முதல் 19 வரை டெல்லியில் 192 வீடற்றவர்கள் இறந்ததாக சென்டர் ஃபார் ஹோலிஸ்டிக் டெவலப்மென்ட் என்ற தொண்டு அமைப்பு கணக்கு சொன்னது. குளிருக்கு மட்டும் டிசைன் பண்ணின கூரை வெயிலில் கைவிடும். பணக்கார ஊருக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரம் இருக்கிற மாரிகோபா கவுண்டியில் 2023-ல் வெப்பத்தால் இறந்த 645 பேரில் சுமார் 45 சதவீதம் வீடற்றவர்கள். ஊர் முழுக்க ஏ.சி. இருந்தும் இந்த நிலைமை.

எப்போ திறக்கணும்? செட் பாயிண்ட் பிரச்சினை

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்குப் பிடித்த பகுதி இது. காப்பகத்தை வருஷம் முழுக்க நடத்துவது ஒரு வழி. கூடுதல் இடத்தை வானிலை மோசமானால் மட்டும் திறப்பது இன்னொரு வழி. ரெண்டாவதுக்கு ஒரு செட் பாயிண்ட் வேணும். லண்டனில் ஒரே ஒரு ராத்திரி ஜீரோ டிகிரிக்கு இறங்கும் என்று முன்னறிவிப்பு வந்தாலே கூடுதல் இடங்களைத் திறந்துவிடுகிற ஏற்பாடு இருக்கு. கமிட்டி கூடி முடிவெடுக்க வேண்டியதில்லை. நம்பர் வந்தால் கதவு திறக்கும்.

வெயிலுக்கு நம்ம நாட்டில் முன்மாதிரி அகமதாபாத். 2010 மே 21 அன்று அங்கே 46.8 டிகிரி. அந்த மே மாசத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பிறகு ஆய்வில் தெரிந்தது. 2013-ல் அந்த மாநகராட்சி வெப்ப செயல்திட்டம் கொண்டுவந்தது. முன்னறிவிப்பு வந்ததும் எந்தத் துறை என்ன செய்யணும் என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டது.

நம்ம ஊருக்கு அப்படியே காப்பி அடிக்க முடியாது. சமவெளியில் வெப்ப அலை அறிவிக்க 40 டிகிரி தாண்டணும், கூடவே அந்த இடத்தின் வழக்கமான வெப்பநிலையைவிட 4.5 டிகிரியாவது கூடணும். இல்லாவிட்டால் நேரடியாக 45-ஐத் தொடணும். வழக்கமே 38 ஆக இருக்கிற இடத்தில் 42 போனாலும் வித்தியாசம் நாலுதான், வெப்ப அலை என்று ஆகாது. பக்கத்தில் இருக்கிற கரூர் பரமத்தியும் ஈரோடும் 2024 கோடையில் 42-ஐத் தாண்டியது நமக்கு ஞாபகம் இருக்கும். எப்பவும் சூடாக இருக்கிற ஊருக்கு அலாரம் அடிப்பதே கஷ்டம். அதனால் நம்ம செட் பாயிண்ட் நேரடி நம்பராக இருக்கட்டும்: முன்னறிவிப்பு 40 என்றால் திற. மூடுவதுக்கு வேற நம்பர்: தொடர்ந்து மூணு நாள் 38-க்குக் கீழே வந்தால்தான் மூடு. இந்த இடைவெளிதான் ஹிஸ்டெரிசிஸ். இது இல்லாவிட்டால் இன்று திறந்து நாளை மூடி, மூணாவது நாள் யாரும் நம்பி வரமாட்டார்கள்.

இடம் எங்கே?

நகர்ப்புற வீடற்றோர் காப்பகத் திட்டத்தின் விதிமுறைப்படி ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு குறைந்தது 100 பேர் தங்க இடம் வேணும், ஒரு ஆளுக்கு 50 சதுர அடி. வெள்ளகோவிலின் 2011 மக்கள்தொகை சுமார் 40 ஆயிரம். "லட்சத்துக்கு ஒண்ணு" என்று கட்டடத்தை எண்ணினால் நமக்கு 0.4 காப்பகம், அதாவது ரவுண்ட் பண்ணினால் பூஜ்யம். ஆட்களை எண்ணினால் 40 பேர். சின்ன ஊர்கள் கணக்கில் காணாமல் போவது இந்த ரவுண்டிங்கில்தான்.

40 பேர் இன்டு 50 சதுர அடி, 2,000 சதுர அடி. இருபதுக்கு இருபது வகுப்பறை ஒண்ணு 400 சதுர அடி. அஞ்சு வகுப்பறை போதும். மே மாசம் பள்ளிக்கூடங்கள் லீவு! வெயில் உச்சத்தில் இருக்கிற அதே வாரங்களில் காம்பவுண்ட் சுவர், தண்ணீர், கழிப்பறை, தாழ்வாரம், மரம் எல்லாம் இருக்கிற ஒரு கட்டடம் பூட்டிக் கிடக்கும்.

புயல் வந்தால் கடலோர மாவட்டங்களில் என்ன செய்கிறோம்? பள்ளியையும் கல்யாண மண்டபத்தையும் திறந்து, மைக்கில் சொல்லி, சோறு போட்டு மக்களைத் தங்க வைக்கிறோம். தமிழ்நாட்டுக்கு இது கைவந்த வேலை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். பேரிடர் என்று ஒத்துக்கொண்ட பிறகு, பேரிடருக்குச் செய்கிற வேலையையும் செய்யலாம் இல்லையா? இறந்தபின் 4 லட்சம் கொடுப்பதற்கு முன்னால், அஞ்சு வகுப்பறைச் சாவியைக் கொடுக்கலாம்.

செய்ய வேண்டிய மாற்றங்கள் ரொம்பப் பெரிசில்லை.

மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. வெறும் கான்கிரீட் வெயிலில் பாதிக்கு மேல் உள்ளே இழுக்கும். புது வெள்ளையடிப்பு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். சீலிங் 40-லிருந்து தோல் டெம்பரேச்சரான 35-க்கு இறங்கினாலே அந்த 24 வாட் பூஜ்யம்.

பகலில் ஜன்னலை மூடி, ராத்திரி எதிரெதிர் ஜன்னல்களைத் திறப்பது. நம்ம பாட்டிமார் செய்வதுதான்.

ராத்திரி தாழ்வாரத்திலும் முற்றத்திலும் படுக்க அனுமதி. இங்கே காம்பவுண்ட் சுவர்தான் முக்கியம். வெளியே வானம் இலவசம், ஆனால் லாரி, கொசு, திருட்டு எல்லாம் கூடவே வரும். பெண்களுக்கு இன்னும் மோசம். உள்ளே அதே வானம், கூடவே கேட், விளக்கு, கொசுவலை. வானத்தோடு போட்டி போடுவதைவிட வானத்தையே உள்ளே சேர்த்துக்கொள்ளலாம்.

பெண்களுக்குத் தனி வழி, தனி கழிப்பறை, ராத்திரி ஒரு பெண் ஊழியர். பையை வைத்துப் பூட்ட ஒரு இடம். ஆதார் கேட்டு வாசலிலேயே நிறுத்தாமல் இருப்பது. இதெல்லாம் ஹீட் டிரான்ஸ்ஃபரில் வராது. ஆனால் இது இல்லாத காப்பகத்தில் ஒக்குபன்சி பூஜ்யமாகத்தான் இருக்கும்.

மனநலப் பிரச்சினை உள்ளவர்களை எல்லாரோடும் ஒரே ஹாலில் விட முடியாது என்பதும் உண்மை. சென்னை மாநகராட்சி ஆண்கள், பெண்கள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள், மருத்துவமனைக்கு நோயாளியோடு வந்தவர்கள் என்று தனித்தனியாகக் காப்பகம் வைத்துத் தொண்டு நிறுவனங்கள் மூலம் நடத்துகிறது. சின்ன ஊரில் அத்தனை கட்டடம் வராது. அஞ்சு வகுப்பறையில் ஒண்ணைத் தனியாக ஒதுக்கி, அரசு மருத்துவமனையோடு ஒரு தொடர்பு வைத்துக்கொள்வது முடியும்.

"பள்ளிக்கூடம் திரும்பத் திறக்கும்போது அசுத்தமா இருந்தா யார் பொறுப்பு?" நியாயமான கேள்வி. எலக்ஷனுக்கு அதே வகுப்பறைகளைக் கொடுத்து, முடிந்ததும் சுத்தம் பண்ணி வாங்குகிறோம். அதே நடைமுறை, அதே கையெழுத்து. ஜூனில் பள்ளி திறந்தபின் வெயில் இழுத்தால் நகராட்சி மண்டபம். மார்கழிக்கும் அதுதான், அப்போ தாழ்வாரம் வேண்டாம், உள்ளே அட்டையும் போர்வையும் போதும்.

நாம என்ன செய்யலாம்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு டைட்டில் தேடுகிற ஜூனியர்களே, இதோ ஒண்ணு. லேபில் இருக்கிற இன்ஃப்ரா ரெட் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு உங்க ஊரில் அனுமதி கிடைக்கிற ஒரு வகுப்பறை, ஒரு மண்டபம், ஒரு தகர ஷெட் மூணையும் ஏப்ரலில் பத்து நாள் அளந்து பாருங்கள். சாயங்காலம் 6, ராத்திரி 9, 12, விடியற்காலை 3. சீலிங், தரை, காற்று மூணுக்கும் ரீடிங். பாதிக் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்து, பாதியை அப்படியே விட்டு, வித்தியாசத்தை கிராஃப் போடுங்கள். என்.எஸ்.எஸ். நண்பர்கள் இன்னொரு வேலையை எடுக்கலாம்: வெளியே படுக்கிறவர்களிடம் உட்கார்ந்து பேசி, எந்த மணிக்கு எங்கே படுக்கிறார்கள், ஏன் அந்த இடம் என்று எழுதி வருவது. பெயர் வேண்டாம், போட்டோ வேண்டவே வேண்டாம்.

ரெண்டையும் சேர்த்து ஒரே பக்கத்தில் நகராட்சி ஆணையருக்குக் கொடுத்தால், அது மனு மாதிரி இருக்காது, டிசைன் ரிப்போர்ட் மாதிரி இருக்கும். ஏப்ரல் ரீடிங்கோடு போனால் மே மாசத்துக்குச் சாவி கேட்கலாம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால், அதுக்குள் ஒரு முழுக் கோடை வந்து போயிருக்கும்.